வடசென்னையில் முதல் வாய்நல சர்வே: ஹவுஸ் சர்ஜன்களுக்கும் பிஜி (முதுநிலை) மாணவர்களுக்கும்

பல் மருத்துவக் கல்லூரியில் ஆய்வு என்றால் லேபும் மைக்ரோஸ்கோப்பும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் வடசென்னையில் ஆய்வு கற்றுக்கொள்ள வரும் மாணவர் கையில் முதலில் விழுவது பெரும்பாலும் சர்வேதான். தண்டையார்பேட்டைப் பள்ளியில் 12 வயதுப் பிள்ளைகளின் சொத்தை, காசிமேட்டு மீனவர்களின் ஈறு, துறைமுகப் பக்கம் லோடு ஏற்றுபவர்களின் புகையிலைப் பழக்கம், இப்படி ஏதாவது ஒன்று. செலவு குறைவு, பெரிய கருவி வேண்டாம், ஆட்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆனாலும் இது சுலபமான வேலை இல்லை. ஒரு சர்வே தேறுமா தேறாதா என்பது முதல் பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அந்த முன்வேலையைப் பற்றியது.

கேம்ப் வேறு, சர்வே வேறு

புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடியில் இலவசப் பல் பரிசோதனை கேம்ப் போட்டு, வந்தவர்களைப் பார்த்து, "இந்தப் பகுதியில் இத்தனை சதவீதம் பேருக்குச் சொத்தை" என்று எழுதிவிடுகிறார்கள். கேம்புக்கு யார் வருவார்கள்? பல் வலிப்பவர், ஈறு வீங்கியவர், பிள்ளையின் பல் ஆடுகிறதே என்று பயந்த அம்மா. வலி இல்லாதவர் வீட்டில் இருக்கிறார். அந்தக் கணக்கு கேம்புக்கு வந்தவர்களைப் பற்றி மட்டுமே பேசும், வியாசர்பாடியைப் பற்றிப் பேசாது. கேம்ப் நடத்துவது நல்ல காரியம், நடத்துங்கள். அதன் நோட்டை ஆய்வு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சர்வே என்றால் யாரைப் பார்க்கப் போகிறோம் என்பது முன்கூட்டியே ஒரு பட்டியலில் இருக்க வேண்டும். பள்ளி ஆய்வு என்றால் மாநகராட்சி மண்டலவாரியாகப் பள்ளிப் பட்டியலை வாங்குங்கள். திருவொற்றியூர் 1, மணலி 2, மாதவரம் 3, தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5, திரு.வி.க. நகர் 6. ஒவ்வொரு மண்டலத்திலும் குலுக்கல் முறையில் பள்ளிகள், பள்ளிக்குள் வருகைப் பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் பிள்ளைகள். தேர்வான பிள்ளை அன்று வரவில்லை என்றால் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையை உட்கார வைத்துவிடக் கூடாது. பல்வலியால்கூட அந்தப் பிள்ளை லீவு போட்டிருக்கலாம். அப்படிப்பட்டவர்களை விட்டுவிட்டால் சொத்தை உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். இன்னொரு நாள் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

வயதையும் மனம் போனபடி வைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வாய்நல சர்வே கையேடு 5, 12, 15, 35 முதல் 44, 65 முதல் 74 என்ற வயதுகளை வைத்திருக்கிறது. அதே வயதை எடுத்தால்தான் உங்கள் ராயபுரத்துக் கணக்கை வேறு ஊர்க் கணக்கோடு ஒப்பிட முடியும்.

எத்தனை பேர்?

"100 பேர் போதுமா சார்?" என்று கைடிடம் கேட்பதற்கு முன் நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு நோய் எத்தனை சதவீதம் என்று கண்டுபிடிக்க வேண்டும், முந்தைய தகவல் கையில் இல்லை என்றால் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். கூடக்குறைய 5 சதவீதப் புள்ளி பிழை, 95 சதவீத நம்பிக்கை என்றால் 1.96 இன் வர்க்கத்தை 0.25 ஆல் பெருக்கி 0.0025 ஆல் வகுக்க வேண்டும். விடை 384.16, அதாவது 385 பேர். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே தண்ணீர், ஒரே கடை மிட்டாய் என்று ஒன்றுபோல இருப்பார்கள். அதனால் பள்ளி பள்ளியாக எடுக்கும்போது எண்ணிக்கையை இரட்டிக்கிறோம்: 770. பத்தில் ஒருவர் கிடைக்கமாட்டார் என்று 0.9 ஆல் வகுத்தால் 856.

இது இரண்டு ஹவுஸ் சர்ஜன்கள் தாங்கக்கூடிய எண்ணிக்கை இல்லை. பிழையை 7 சதவீதப் புள்ளி என்று தளர்த்தினால் 196, இரட்டித்தால் 392, விடுபடுபவர்களையும் சேர்த்தால் 436. ஒருவர் ஒரு காலையில் நிதானமாக 25 முதல் 30 பிள்ளைகளைப் பார்க்கலாம். ஆக 436 பிள்ளைகள் என்பது ஒருவருக்குச் சுமார் 15 முதல் 18 பள்ளி நாள் வேலை. இளநிலை மாணவர்களுக்கான ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) குறுகிய கால ஆய்வு உதவித்திட்டம் 1979 முதல் நடக்கிறது, அதன் ஆய்வுக் காலம் 2 மாதம். அந்த அளவுக்குள் இது அடங்கும். பிழையைத் தளர்த்தியதை மறைக்க வேண்டாம். கட்டுரையில் அப்படியே எழுதுங்கள்.

அனுமதிகள், வரிசைப்படி

முதலில் எத்திக்ஸ் கமிட்டி, அதாவது ஆய்வு நெறிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் குழு. அதன் கூட்டம் நீங்கள் நினைத்த நாளில் நடக்காது. அடுத்த கூட்டம் எப்போது, எத்தனை நாளுக்கு முன் தாள் கொடுக்க வேண்டும் என்று உறுப்பினர் செயலர் அலுவலகத்தில் கேட்டு, அங்கிருந்து பின்னோக்கித் தேதி போடுங்கள். அனுமதிக் கடிதத்தின் தேதிக்கு முன் எடுத்த ஒரு தாளைக்கூட ஆய்வில் சேர்க்க முடியாது. "சும்மா பத்துப் பேரை மட்டும் பார்த்து வைத்தோம்" என்பதும் இதில் அடக்கம்.

அடுத்து பள்ளி. மாநகராட்சிப் பள்ளி என்றால் மாநகராட்சிக் கல்வித் துறை. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி என்றால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர். அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு தலைமை ஆசிரியரைப் பாருங்கள். நேரே அவரிடம் போய் நின்றால் அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடுகிறீர்கள்.

தலைமை ஆசிரியர் சம்மதித்தால் பெற்றோர் சம்மதித்ததாக ஆகாது. 18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைப்படி 7 முதல் 12 வயது வரை பிள்ளையிடம் வாய்மொழியாக இசைவு கேட்க வேண்டும், 12க்கு மேல் எழுத்தில். 5 வயதுப் பிள்ளையிடம் இசைவு வாங்க வேண்டியதில்லை, ஆனால் அழுதால் நிறுத்திவிட வேண்டும். அம்மா கையெழுத்துப் போட்டிருந்தாலும் பிள்ளை "வேணாம்" என்றால் வேண்டாம்தான்.

படிவத்தை முந்தின நாள் கொடுத்தால் பாதி திரும்பி வராது. பையிலேயே கசங்கிக் கிடக்கும். பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில் நேரில் விளக்கிக் கொடுப்பது நல்லது. முடியாவிட்டால் நாலைந்து நாள் முன்னதாக வகுப்பாசிரியர் மூலம் கொடுத்து, ஒருமுறை நினைவுபடுத்துங்கள். படிவத்தின் தமிழ் பேச்சுக்கு நெருக்கமாக இருக்கட்டும். "பற்சிதைவு" என்று எழுதினால் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். "சொத்தைப் பல்" என்றால் எல்லோருக்கும் புரியும். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் குடும்பங்கள் இங்கே ஏராளம். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக்காட்ட ஓர் ஆளும், சாட்சிக் கையெழுத்துக்கு ஓர் இடமும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதத்தையும் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பக்கம் தண்ணீர் தேங்கினால் பள்ளியே மூடிவிடும். மார்ச் பரீட்சை மாதம். ஜூலை, ஆகஸ்ட், ஜனவரி, பிப்ரவரி ஆகியவைதான் கைகொடுக்கும்.

கண்ணைப் பழக்குவது: அளவொருமைப் பயிற்சி

இதைத்தான் அதிகம் பேர் தாளில் மட்டும் முடித்துவிடுகிறார்கள். இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

கிளினிக்கில் நமக்குக் கற்றுத்தந்தது சிறு சந்தேகத்தையும் விடாதே என்பது. சர்வேயில் விதி நேர்மாறு. தெளிவான குழி, அடியில் அரித்துப்போன எனாமல், தொட்டால் மிருதுவான அடிப்பாகமோ சுவரோ, இவற்றில் ஒன்று இருந்தால்தான் சொத்தை. கறுத்த பள்ளம் மட்டும் இருந்தால், சந்தேகமாக இருந்தால், சொத்தை இல்லை என்றே எழுத வேண்டும். அந்தப் பிள்ளையை மேல்பரிசோதனைக்கு அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். பதிவுத்தாளில் மட்டும் 0, அதாவது நல்ல பல். புதிய பரிசோதகர்கள் முதல் நாளில் கறை பிடித்த கடைவாய்ப் பல்லை எல்லாம் சொத்தையாக்கிவிடுவதற்குக் காரணம் கிளினிக் பழக்கம்.

பயிற்சி இப்படி நடக்கட்டும். அனுபவமுள்ள ஒருவரோடு பத்துப் பேரை ஒன்றாகப் பார்த்து, கருத்து வேறுபடும் ஒவ்வொரு பல்லையும் அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பிறகு வேறு 20 அல்லது 25 பேரைத் தனித்தனியாகப் பாருங்கள், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல். அடுத்த நாள் அதே ஆட்களை நீங்களே மறுபடி பாருங்கள். அதன் பிறகுதான் கணக்கு.

அந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. 20 பிள்ளைகள், ஆளுக்கு 25 பல், மொத்தம் 500 பல் என்று வைத்துக்கொள்வோம். இருவருமே நல்ல பல் என்று சொன்னது 460. இருவருமே சொத்தை என்று சொன்னது 10. உங்களுக்கு மட்டும் சொத்தையாகத் தெரிந்தது 15, அவருக்கு மட்டும் தெரிந்தது 15. ஒத்துப்போனது 470, அதாவது 94 சதவீதம். பார்க்க அருமை. இப்போது கப்பா போடுங்கள், அதாவது தற்செயலாக ஒத்துப்போனதைக் கழித்துவிட்டு உண்மையில் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் அளவு. இருவரும் ஆளுக்கு 25 பல்லை, அதாவது 5 சதவீதத்தைச் சொத்தை என்கிறீர்கள். வெறும் தற்செயலாகவே ஒத்துப்போகக்கூடியது 0.95 இன் வர்க்கமும் 0.05 இன் வர்க்கமும் கூட்டினால் வருவது, 0.905. கப்பா என்பது 0.94 இலிருந்து 0.905 ஐக் கழித்து 0.095 ஆல் வகுப்பது. விடை சுமார் 0.37. சொத்தை என்று யாராவது ஒருவர் சொன்ன 40 பல்லில் இருவரும் ஒத்துப்போனது 10 மட்டுமே என்பதைத்தான் அது சொல்கிறது. இந்த நிலையில் களத்துக்குப் போகக் கூடாது. 0.8க்கு மேல் வரும் வரை பயிற்சி தொடரட்டும். எழுதும்போது சதவீதத்தோடு கப்பாவையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஈறு பார்க்கப் போகிறீர்கள் என்றால் கைக்கும் பயிற்சி வேண்டும். ஈறு பார்க்கும் சிபிஐ புரோப் என்ற மெல்லிய அளவுக்கோலின் நுனி 0.5 மி.மீ. உருண்டை, 3.5 முதல் 5.5 மி.மீ. வரை கறுப்புப் பட்டை. அழுத்தம் 20 கிராமைத் தாண்டக் கூடாது. கட்டைவிரல் நகத்துக்கு அடியில் நுனியை வைத்து அழுத்திப் பாருங்கள். வலி இல்லாமல் நகத்தடி வெளுக்கும் அளவுதான் சரியான அழுத்தம். அதைவிட அழுத்தினால் நல்ல ஈறும் ரத்தம் காட்டும். 15 வயதுக்குக் கீழே ஈறுப்பை (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விழும் இடைவெளி) ஆழம் அளப்பதில்லை, ரத்தக்கசிவு மட்டும் போதும்.

எடுத்துச்செல்ல வேண்டியவை

ஒரு பரிசோதகருக்கு குறைந்தது 30 வாய்க்கண்ணாடி, 30 புரோப். உறையிட்ட செட்டுகளாக ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 30 நிமிடம். பள்ளியில் கிருமிநீக்கம் செய்ய முயலாதீர்கள். எத்தனை செட் இருக்கிறதோ, அதில் கீழே விழுவதற்காக இரண்டு மூன்றைக் கழித்தால் வருவதுதான் அன்றைய ஆட்களின் உச்சவரம்பு. இன்னும் நாலு பிள்ளைகள் காத்திருந்தாலும் அவர்கள் நாளைக்குத்தான்.

நெற்றி விளக்கு ஒன்றும் மாற்று பேட்டரியும் கட்டாயம். ஜன்னல் வெளிச்சத்தை நம்பினால் காலை பத்து மணிக்குத் தெரிந்த குழி பன்னிரண்டு மணிக்குத் தெரியாது. கண்ணாடி ஆவி படிந்து மங்கினால் கன்னத்தின் உட்புறத்தில் லேசாகத் தேய்த்தால் தெளியும். எச்சில் பட்ட காஸ் துணியும் பஞ்சும் மஞ்சள் பையில், கையுறை சிவப்புப் பையில். இரண்டும் உங்களோடு கல்லூரிக்குத் திரும்பி வர வேண்டும். பள்ளிக் குப்பைத் தொட்டியில் ஒரு கையுறைகூட விழக் கூடாது.

எழுதுபவரின் நாற்காலி

பார்ப்பவரை எல்லோரும் மதிக்கிறார்கள். எழுதுபவரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் தப்பு நுழையும் வாசல் அதுதான். பால் பற்களுக்கு எழுத்துக் குறியீடு: ஏ நல்ல பல், பி சொத்தை, சி அடைத்தும் சொத்தை, டி அடைத்தது, ஈ சொத்தையால் எடுத்தது. இடைவேளை மணி அடித்து, தாழ்வாரம் முழுக்கப் பிள்ளைகள் ஓடும்போது பார்ப்பவர் முகக்கவசத்துக்குள்ளிருந்து "பி" என்கிறார். எழுதுபவர் காதில் "டி" என்று விழுகிறது. அடைக்காத சொத்தை ஒன்று அடைத்த பல்லாகிவிட்டது. சிகிச்சை கிடைக்காத பிள்ளைக்குச் சிகிச்சை கிடைத்ததாகக் கணக்கு சொல்லும்.

வழி இருக்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல்லை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: பி என்றால் "பாம்பே", சி என்றால் "சென்னை", டி என்றால் "டெல்லி", ஈ என்றால் "ஈரோடு". எழுதுபவர் கேட்டதைத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். வாயில் நான்கில் ஒரு பகுதி முடிந்ததும் எந்தப் பல்லில் நிற்கிறோம் என்று இருவரும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஒரு கட்டம் தள்ளிப்போனால் அதன் பிறகு வரும் எல்லாப் பல்லும் தள்ளிப்போகும். எழுதுபவர் பார்ப்பவரின் குரல் கேட்கும் தூரத்தில், முகம் தெரிகிற மாதிரி உட்காரட்டும். காத்திருக்கும் பிள்ளைகள் இவர்களைச் சூழ்ந்து நிற்காமல் இருக்க வரிசையை வேறு அறையில் வையுங்கள். மற்றப் பிள்ளைகள் முன்னால் "ஐயோ, எவ்ளோ சொத்தை" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்தப் பிள்ளை அதை மறக்காது.

9 வயதுப் பிள்ளைக்கு முன்பல் இல்லை என்றால் "சொத்தையால் எடுத்தது" என்று எழுதாதீர்கள். அது தானாக விழுந்திருக்கும். அந்த வயதில் இயல்பாக விழ வாய்ப்பில்லாத பல் இல்லாமல் இருந்தால்தான் ஈ.

ஆரம்பப் பள்ளியில் காலைச் சிற்றுண்டி முடிந்து, வாய் கொப்பளித்த பிறகு தொடங்கி, மதிய உணவுக்கு முன் முடித்துவிடுங்கள். பத்தில் ஒருவரையாவது, அவர் ஏற்கெனவே பார்த்தவர் என்று தெரியாதபடி, மறுபடி உட்கார வையுங்கள். இரண்டாவது வாரத்தில் கண் மெல்ல விலகுவதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

தண்ணீரின் ஃபுளோரைடால் பற்களில் வரும் வெண்திட்டு, பழுப்புத் திட்டு பார்க்கும் ஆய்வு என்றால் இப்போது என்ன தண்ணீர் என்பது போதாது. ஞானப்பல் தவிர மற்ற நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாகும் காலம் ஏறக்குறைய 8 வயது வரை. அப்போது குடும்பம் எங்கே இருந்தது, மெட்ரோ வாட்டரா, அடிபம்பா, கேன் தண்ணீரா என்று கேட்க வேண்டும். மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை 2010 முதல் வடசென்னைக்குத் தண்ணீர் தருகிறது. அதற்கு முன் பிறந்தவரையும் பின் பிறந்தவரையும் ஒரே கணக்கில் போடுவது சரிவராது.

பெரியவர்களைப் பார்க்கும்போது

35 முதல் 44 வயது வேண்டும் என்று காலை பதினொரு மணிக்கு வீடு வீடாகப் போனால் பெண்கள் மட்டுமே கிடைப்பார்கள். ஆண்கள் துறைமுகத்திலோ பட்டறையிலோ இருப்பார்கள். மாலையில் போங்கள். காசிமேட்டில் ஞாயிறு காலை மீன் வியாபாரம் உச்சத்தில் இருக்கும், அந்த நேரத்தில் யாரையும் நிறுத்தாதீர்கள். விசைப்படகு மீனவர்களைப் பிடிக்க நல்ல காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆனால் அப்போது வருமானம் இராது. டீ, வெற்றிலை, சாப்பாடு எல்லாம் மாறியிருக்கும். எனவே "இப்போது" என்று ஒரு கேள்வி, "கடலுக்குப் போகும்போது" என்று ஒரு கேள்வி, இரண்டும் வேண்டும்.

புகையிலைக் கேள்வி கேட்பதில் ஒரு நுட்பம் உண்டு. "புகையிலை உபயோகிக்கிறீர்களா?" என்றால் பீடி பிடிக்காதவர் "இல்ல" என்பார், கன்னத்தில் மாவா (பாக்கும் புகையிலையும் கலந்தது) இருக்கும்போதே. பெயர் சொல்லிக் கேளுங்கள்: "அண்ணே, வேலைக்கு நடுவுல வாயில எதனா அடக்கிக்குவீங்களா? மாவா, ஹான்ஸ், வெத்தல பாக்கு, எதுவானாலும் சொல்லுங்க." குட்காவுக்கு 2013 முதல் தமிழ்நாட்டில் தடை இருப்பதால் ஆட்களுக்குப் பயம். எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்கவே கேட்காதீர்கள், ஆய்வுக்கு அது தேவையும் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பிறகு அந்தப் பக்கத்துக் கன்னத்தை நன்றாகப் பாருங்கள். வாய் திறக்கும் அளவை வெர்னியர் அளவுகோலால் மேல்கீழ் முன்பற்களுக்கு இடையே மி.மீ. கணக்கில் எடுங்கள். விரல் கணக்கு ஆய்வுக்கு உதவாது.

தாளிலிருந்து கணினிக்கு

பெயரை எக்செலில் ஏற்றாதீர்கள். எண் மட்டும் போதும், பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் துறையின் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். வாய்ப் படங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வரவே கூடாது. ஒருவர் ஏற்றியதை இன்னொருவர் தனியாக மறுபடி ஏற்றி, இரண்டையும் ஒப்பிடுங்கள். கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். காலி என்றால் 0 என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால் பார்க்காத பல் நல்ல பல்லாகிவிடும். பார்க்க முடியாததற்கு 9 என்ற குறியீடு இருக்கிறது.

நிரந்தரப் பற்களுக்கு எண் குறியீடு. டிஎம்எஃப்டி (ஒருவருக்குச் சொத்தையான, எடுத்த, அடைத்த பற்களின் எண்ணிக்கை) கூட்டும்போது குறியீடு 1, 2 சொத்தை, 3 அடைத்தது, 4 சொத்தையால் எடுத்தது. 30 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு 5ஐயும் (வேறு காரணத்தால் இல்லாத பல்) எடுத்த பல்லில் சேர்க்க வேண்டும். 6 (பள்ளத்தை மூடும் சீலண்ட் பூச்சு), 7 (பாலத்தைத் தாங்கும் பல், சொத்தை அல்லாத காரணத்துக்குப் போட்ட கிரவுன்) இரண்டும் சேராது. சொத்தை அல்லாத காரணத்துக்குக் கிரவுன் போட்ட பல்லை அடைத்த பல்லோடு கூட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தப்பு; சொத்தைக்காகக் கிரவுன் போட்டிருந்தால் அது 3தான். பிள்ளைகளில் பலருக்கு விடை 0 ஆகவே இருக்கும், அதனால் சராசரியை மட்டும் போட்டால் படம் மறைந்துவிடும். அதிகம் பாதிக்கப்பட்ட மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளின் சராசரியைத் தனியாகக் கொடுங்கள். உதவி யாருக்கு முதலில் போக வேண்டும் என்பதை அந்த எண்தான் காட்டும்.

புள்ளியியலில் தடுமாறினால் வெட்கப்பட வேண்டாம். ஐசிஎம்ஆரின் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் சென்னையில்தான் இருக்கிறது, ஆய்வு அடிப்படைகளை ஆன்லைனில் வகுப்பாகவே நடத்துகிறது. சர்வேக்கு முன் படித்துவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு புள்ளியியலாளரிடம் தாளைக் கொண்டுபோனால் அவரால் செய்யக்கூடியது குறைவு.

பார்த்தவர்களுக்குத் தர வேண்டியது

வாயைத் திறந்து காட்டிய ஒவ்வொருவருக்கும் அன்றே ஒரு அட்டை கொடுங்கள். எளிய தமிழில் மூன்றே நிலை: வீக்கமோ வலியோ இருந்தால் இன்றே, சொத்தை இருந்தால் இந்த மாதத்துக்குள், ஒன்றும் இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, வாய் திறக்கச் சிரமம், இவற்றில் எது இருந்தாலும் அதே வாரம் வாய் மருத்துவத் துறைக்கு அனுப்புங்கள். போவதற்கு முன் போன் எண் வாங்கிக்கொண்டு, போனாரா என்று கேளுங்கள்.

"அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சும்மா எழுதினால் யாரும் போகமாட்டார்கள். தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ராயபுரம், வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு பீச் வழியாக ரயில் உண்டு, திருவொற்றியூர்க்காரர்களுக்கு ஹைகோர்ட் வரை மெட்ரோ. பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி மருத்துவமனை. எந்த இடம், எந்த நேரம் ஓபி, எந்தத் துறை, யாரிடம் அட்டையைக் காட்ட வேண்டும் என்பதை நீங்களே முன்பு போய் விசாரித்து, அந்தத் துறையில் சொல்லிவைத்த பிறகு அட்டையை அச்சடியுங்கள்.

பள்ளிக்கும் ஒரு பக்கத்தில் அறிக்கை கொடுங்கள், பெயர் இல்லாமல்: எத்தனை பிள்ளைகளைப் பார்த்தோம், எத்தனை பேருக்குச் சொத்தை, எத்தனை பேருக்கு உடனடிச் சிகிச்சை தேவை, எத்தனை பேர் போய் வந்தார்கள். கடைசி எண் தெரிய ஒரு மாதம் ஆகும். அதனால் பள்ளியில் பரிசோதனை முடியும் நாளிலேயே, திரும்ப வரும் தேதியைத் தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.